நாலாவதுக்கு வெள்ளி போதும்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. அப்போது நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றுவலி என்று அலுவலகத்துக்குச் சொல்லி விடுப்பு எடுத்தவன் அந்த நேரத்தில் வேறு என்ன செய்துகொண்டிருப்பான்? பால்கனியில் என் மச்சானுடைய காரின் வீல் கப்புகள் நான்கும் வரிசையாகக் கிடந்தன. மூன்று வெள்ளி நிறத்தில் மின்னின. நாலாவது, அடிப்பூச்சான பிரைமர் மட்டும் பூசப்பட்டுச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

போனை எடுத்தது என் மனைவி. "அண்ணனா? எங்க அண்ணனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு இருந்ததே ஒரு அண்ணன்தான்.

எழுந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தேன். பத்து விரல்களும் வெள்ளி. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று பெயிண்ட் கடைக்காரர் சொல்லியிருந்தார். சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்தக் கையோடுதான் மச்சான் வீட்டுக்குப் போனேன். அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் கைகூப்பி நின்றபோது, வந்தவர்கள் அவர் முகத்தை ஒரு தடவையும் என் விரல்களை ஒரு தடவையும் பார்த்தார்கள். அழுகைக்கு நடுவே என் மனைவி என் காதருகே வந்து, "கையைப் பின்னால கட்டிக்கங்க. நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். கட்டிக்கொண்டேன். மச்சானை வழியனுப்பிய நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தைச் சோதனையிட வந்த அதிகாரி மாதிரிதான் நின்றேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். பழகுகிறவர்களுக்கான காரில் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் மறந்தாலும் இவர் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு மடத்தனமான யோசனையைச் சொன்னால் வாய் திறக்கும் முன்னால் கால் தரையை அழுத்தும். தெருவில் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்' என்று பேர். என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு, நான் தமிழ் இலக்கியம் படித்தவன், பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துகிறேன் என்று சொன்னபோது அவர் கால் தரையை அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அவர் தங்கையை எனக்குக் கொடுத்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து வண்டிச் சமாச்சாரம் என்றால் அவர் என்னிடம் மட்டும் செந்தமிழ் பேச ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் ஸ்டீயரிங், எனக்குத் திசைமாற்றி. கியர் பல்லிணை. கிளட்ச் உரசிணைப்பி. இவற்றை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியாது. எனக்குத் தெரியாத சொல்லாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார் என்றே நினைக்கிறேன். கல்யாணமான புதிதில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க அழைத்துப் போனார்.

"மாப்பிள்ளை, உரசிணைப்பியை மிதிங்க."

"எது மச்சான்?"

"உர...சி...ணை..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நடைபாதை ஓரக் கல்லில் உரசிவிடும். சொல்லும் செயலும் இவ்வளவு பொருந்தி வந்ததை நான் இலக்கியத்தில்கூடப் பார்த்ததில்லை. கடைசிவரை எனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. பரீட்சை வைத்த அதிகாரி இறங்கும்போது மச்சானிடம், "இவரு பஸ்ஸுல போகட்டும் சார், நாடு நல்லா இருக்கும்" என்று சொன்னார்.

உரசியது நான் மட்டுமில்லை. அவரிடம் பழகிய எல்லாருமே அந்தக் கல்லில்தான் வீல் கப்பைத் தேய்த்துப் பழகினார்கள். வீல் கப் என்பது சக்கரத்தின் இரும்பை மறைக்கிற பிளாஸ்டிக் மூடி. தட்டினால் மாட்டிக்கொள்ளும், நெம்பினால் கழன்று வரும். பிளாஸ்டிக் மேல் பூசிய வெள்ளி நிறம் கல்லில் பட்டால் போயே போச்சு. மச்சான் எத்தனையோ தடவை அதற்கு வண்ணம் பூசியிருக்கிறார். அவர் முறை எளிமையானது. கழுவ மாட்டார், தேய்க்க மாட்டார். வீட்டில் எந்த டப்பாவில் எது மிச்சமோ அதைப் பிரஷ்ஷால் அடிப்பார். ஒரு மழைக்கு வரும். அடுத்த மழைக்குச் செதில் செதிலாக உதிரும். டிரைவிங் ஸ்கூல் கார் போன வழியைக் கண்டுபிடிக்க ரோட்டைப் பார்த்தால் போதும் என்று என் மனைவி சொல்வாள்.

இந்த வருஷம் அவர் வேலையை விட்டார். நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பெயிண்ட் வாசனை ஆகாது. ஸ்கூல் முதலாளி அந்தப் பழைய காரை அவருக்கே கொடுத்துவிட்டார். கூரையில் இருந்த பலகையைக் கழற்றினார்கள். பக்கத்து பிரேக்கை எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளை ரப்பர் மூடி வைத்து அடைத்தார்கள். மகளுக்கு வேறு ஊரில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை கிடைத்திருந்தது. அந்த காரை அவள் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது மச்சானின் ஆசை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், சனிக்கிழமை கிளம்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. வீல் கப் மட்டும் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வாயைக் கொடுத்தேன். "புதுசு வாங்க வேணாம் மச்சான். வீட்டுலயே புதுசு மாதிரி பண்ணிடலாம். நான் எல்லாம் படிச்சு வச்சிருக்கேன்."

அவர் கால் தரையை அழுத்தியது. பிறகு சொன்னார்: "நீங்க படிச்சா சரிதான் மாப்பிள்ளை. எழுத்துப்பிழை இருக்காது."

கழற்றுகிற வேலையிலேயே என் படிப்பு வெளுத்துவிட்டது. ஓரத்தில் விரலை விட்டு இழுத்தேன், வரவில்லை. காலை டயரில் முட்டுக் கொடுத்து இழுத்தேன், வந்தது. நானும் அதுவும் தெருவில் உட்கார்ந்தோம். எதிர்வீட்டு டெய்லர் ஜன்னல் வழியாக, "அண்ணே, வீல் கழண்டா சொல்லுங்க, புடிக்க வர்றேன்" என்றார். மீதி மூன்றையும் மச்சானின் மகளே வந்து ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் வீட்டுப் பால்கனிதான் பட்டறை. பாத்திரம் கழுவுகிற சோப்பால் கழுவினேன். டயருக்குப் பூசுகிற பளபளப்பு எண்ணெய் துளி இருந்தாலும் பெயிண்ட் ஒட்டாது என்று படித்திருந்ததால் மறுபடி கழுவினேன். அப்புறம் தண்ணீர் தொட்டு எமரி பேப்பரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மச்சான் குடும்பத்தின் வரலாறு வெளியே வந்தது. மேலே அவர் வீட்டு கேட்டின் பெயிண்ட். அதற்குக் கீழே இரும்பு பீரோவின் பச்சை. அதற்கும் கீழே தண்ணீர்த் தொட்டியின் நீலம். நீலத்தைப் பார்த்ததும் என் மனைவி, "இது எங்கம்மா வீட்டுத் தொட்டி!" என்று தொட்டுப் பார்த்தாள். ஆழமான கீறல்களில் பட்டி வைத்துக் காயவிட்டு மறுபடி தேய்த்தேன். பல் டாக்டர் மாதிரி நுணுக்கமாகச் செய்கிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு. மனைவி பார்த்துவிட்டு, "தோசைக்கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பெயிண்ட் அடிக்கிற நாள். மச்சான் வந்துவிட்டார். வாசனை ஆகாது என்பதால் பால்கனியின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கதவு சாத்தினால் பேசுவது கேட்காது. அதனால் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, டப்பாவைக் குலுக்குனீங்களா?"

"குலுக்குறேன் மச்சான், பாருங்க."

"அது குலுக்குறதா? குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி இருக்கு."

"கிட்டக் கொண்டுபோகாம ஒரு முழம் தள்ளி வச்சுத்தானே அடிக்கணும்?"

"உங்க முழமா, என் முழமா?"

நான் அனுப்பிய வீடியோவைத்தான் அவரும் பார்த்திருந்தார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. நான் டப்பாவை அழுத்தும்போதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கால் தரையை அழுத்தும். முதல் கப்பில் பெயிண்ட் வழிந்து மூக்குச்சளி மாதிரி தொங்கியது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். இரண்டாவதில் வழியவில்லை. ஆனால் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது விளிம்பில் ஒரு விளம்பரத்தின் எழுத்துகள் இடம் வலமாக மாறிப் பதிந்துவிட்டன. தலையைச் சாய்த்து வாசித்தேன்: 'வீடு வாடைகைக்கு.' போனில் சொன்னேன்: "மச்சான், இதுல ஒரு எழுத்துப்பிழை இருக்கு."

"திருத்துங்க மாப்பிள்ளை. அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்."

மூன்றாவது சுத்தமாக வந்தது. காயட்டும் என்று விசிறியைப் போட்டேன். ஒரு கொசு வந்து நேராக அதன் நடுவில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் வெள்ளிக் கொசுவாகிவிட்டது. எடுக்கப் போனவனைக் கண்ணாடியைத் தட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும் விடுங்க. டிக்கெட் எடுக்காம ஏறிட்டான். எங்கயாவது இறங்கிக்குவான்."

அன்று அவரைக் கூட்டிப்போக மகள் வந்தாள். எனக்கு மருமகள் முறை. சிறு வயதிலிருந்தே என்னை வாருவதில் அப்பாவுக்குச் சளைத்தவள் அல்ல. பால்கனியை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, நான் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போறேன். எந்த மாடு வந்து என் வீல் கப்பைப் பார்க்கப் போகுது?"

"மாட்டுக்காரர் பார்ப்பாரே" என்றேன்.

"அவரு மாட்டைப் பார்ப்பாரு." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நான் பஸ்ஸுலயே போயிடறேன்பா. வண்டி இங்கயே இருக்கட்டும். எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு அத்தையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். மச்சானின் கால்கூட அசையவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை? வேணாமாம்."

"சும்மா சொல்லுது மச்சான்."

"இல்ல. சின்ன வயசுல ஒரு நாள், 'பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தாதீங்கப்பா, முக்குலயே இறங்கிக்கிறேன்'னா. கூரையில பலகை, வீல் கப்பெல்லாம் சொறி. கூடப் படிக்கிற பசங்க சிரிச்சிருக்கும். அன்னிலேர்ந்து முக்குலதான் நிறுத்துவேன்."

"ஏன்னு கேட்கலையா?"

"எதுக்குக் கேட்கணும்? முக்குல நிறுத்துறது ஈஸி. கல்லு கிடையாது."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வீல் கப்புக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேட் பெயிண்ட், பீரோ பச்சை, தொட்டி நீலம், எல்லாம் அந்த முக்குக்குப் பிறகு அடித்தவை.

"புது ஆஸ்பத்திரியில அவ வண்டியை வாசல்ல நிறுத்தணும் மாப்பிள்ளை. வாசல்லயே. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இப்படிச் சொன்ன ஒருவரிடம் வேலையைப் பாதியில் விட முடியாது. அதனால்தான் வியாழக்கிழமை எனக்கு வயிற்றுவலி வந்தது. மூன்று கப்புகளுக்கும் இன்னொரு தடவை வெள்ளி அடித்துக் காயவிட்டு, மேல் பூச்சாகக் கிளியர் கோட் அடித்தேன். அது நிறமில்லாத பளபளப்பு, வெள்ளி உதிராமல் காக்கும். நான் தாராளமாக அடித்ததில் மூன்றாவதோடு டப்பா தீர்ந்தது. நாலாவது அப்போதுதான் பிரைமரில் இருந்தது. அதைத்தான் நடைபாதைக் கல் அதிகம் தின்றிருந்தது, பட்டி காயவே புதன்கிழமை போய்விட்டது. கடைக்குப் போன் செய்தேன். இன்றைக்குக் கடை இல்லை, நாளைக் காலையில் வாங்க என்றார்கள்.

மச்சானுக்கு மெசேஜ் அனுப்பினேன். "கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. கடை நாளைதான் திறக்கும். நாலாவதற்கு என்ன செய்ய?"

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது பதில் வந்திருந்தது.

"நாலாவதுக்கு வெள்ளி போதும்."

நான் அதை வெள்ளிக்கிழமை என்று வாசித்தேன். கடை நாளைதான் என்று நான் எழுதியிருந்தேன். நாளை வெள்ளி. வண்டி கிளம்புவது சனிக்கிழமை. இதைவிடப் பொருத்தமாக ஒரு பதில் வருமா? நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு, பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

அதன் பிறகுதான் மூன்றே கால் மணி.

மெசேஜ் அனுப்பிவிட்டு அவரும் சாப்பிட்டுச் சோபாவில் சாய்ந்திருக்கிறார். நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போ, மாமா முடித்திருப்பார் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் எழுப்பப் போனபோது அவர் இல்லை.

மகள் வேலையில் சேர அவகாசம் கேட்டு வாங்கினாள். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. அந்த கார்தான். நாலு சக்கரமும் வெறும் இரும்பாக நின்றது. அவள் மாடியேறி வந்தாள்.

"மாமா, வீல் கப் குடுங்க. கிளம்பறேன்."

"வண்டியிலயா போற? பஸ்ஸுல போறேன்னு சொன்னியே?"

"அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி வேணுமேன்னுதான் சொன்னேன். இப்ப யாருக்கு வேணும்?" அவள் பால்கனியைப் பார்த்தாள். "நாலாவது என்ன, இன்னும் சாம்பல் கலர்லயே இருக்கு?"

நான் போனை எடுத்து மெசேஜைக் காட்டினேன். "வெள்ளிக்கிழமை போதும்னாரு உங்கப்பா. அதான் விட்டுட்டேன்."

அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு நிற்காமல் வந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா! வெள்ளின்னா சில்வர்! கிளியர் இல்லாட்டி பரவாயில்ல, சில்வர் மட்டும் அடிச்சு விட்டுடுங்கன்னு சொல்லியிருக்காரு. உங்ககிட்ட அப்பா என்னிக்குத் தமிழ் இல்லாம பேசினாரு?"

பாடப்புத்தகங்களில் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூடப் பக்கத்தை நிறுத்துகிறவன் நான். முப்பதாயிரம் பிள்ளைகள் கையில் போகிற புத்தகத்தில் என் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளி போகாது. எனக்கென்று ஒருவர் எழுதிய ஒரே ஒரு வரி. அதைத் தப்பாக வாசித்தேன்.

"இரு, இப்பவே அடிச்சுத் தர்றேன். சில்வர் டப்பாவுல மிச்சம் இருக்கு."

"காயற வரைக்கும் நின்னா போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும் மாமா. லீவுல வரும்போது மாட்டிக்கிறேன்."

கீழே இறங்கி மூன்றையும் அவளே மாட்டினாள். காற்றடிக்கிற முனைக்கு நேராகப் பள்ளத்தை வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டினாள். கொசுவைக் கண்டுபிடித்து என்னைப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காதவன் என்றேன். தலையாட்டினாள். அப்பா சொன்னது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சக்கரம் வெறும் இரும்பாகவே நின்றது.

எனக்கு மனசு கேட்கவில்லை. முக்கில் இறங்கிய கதையை அவளிடம் கேட்டேன். அப்பா அதை மறக்கவே இல்லை என்றும் சொன்னேன்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "முதல் நாள் வெட்கமாத்தான் இருந்துச்சு மாமா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா முக்குல ஒரு பெட்டிக்கடை இருந்துச்சு. அப்பாவுக்குத் தெரியாம மிட்டாய் வாங்கலாம். மறுநாள்லேர்ந்து அதுக்குத்தான் இறங்கினேன்." அந்த வெறும் சக்கரத்தையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். "அவரு கேட்டிருக்கலாம்ல?"

"முக்குல கல்லு கிடையாதாம்" என்றேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். என் மனைவி பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலும், கீழே பழைய பிரேக் இருந்த இடத்தில் சாப்பாட்டுப் பையும் வைத்தாள். பை அந்த ரப்பர் மூடிகளின் மேல் சரியாக உட்கார்ந்தது. தெரு திரும்பும் இடத்தில் வண்டி ஓரக் கல்லுக்கு நெருக்கமாகப் போனபோது என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. லைசென்ஸ் கூட இல்லாத கால். மனைவி பார்த்துவிட்டாள்.

மறுநாள் மருமகள் ஒரு படம் அனுப்பினாள். கால்நடை ஆஸ்பத்திரி. பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, வாசலை அடைக்கிற மாதிரி கார் நின்றது. கூடவே படத்தில் ஒரு மாடு இருந்தது. வெறும் இரும்புச் சக்கரம் இருந்த பக்கத்தைத்தான் படம் பிடித்திருந்தாள். கீழே, "மாடு பார்க்கவே இல்ல மாமா" என்று எழுதியிருந்தாள். அதை மட்டும் சரியாக வாசித்தேன்.

நாலாவது கப் இன்னும் எங்கள் பால்கனியில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே டப்பா. குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கிறது, பெயிண்ட் இருக்கிறது. பிரைமருக்கு மேல் இன்னும் வெள்ளி அடிக்கவில்லை.